நம்மீது எய்த அம்பை நாம் எடுத்து எய்யலாமா?

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, கடைவீதியில் நமக்கு வேண்டிய சகோதரர் ஒருவரின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் வந்தது. கூடவே அவருடைய செல்போனும் வந்தது. "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினார். ஒரு ரயில் நிலைய வாசலில் திருநங்கை ஒருவரை நாலைந்து வாலிபர்கள் சுற்றி வளைத்து, முடியைப் பிடித்து இழுத்து, அடித்துத் துரத்துகிறார்கள். படம் பிடிப்பவன் சிரிக்கிறான். கடைப் பையன்கள் சிரிக்கிறார்கள். முதலாளியும் சிரிக்கிறார். படத்துக்குக் கீழே வந்து குவிந்திருந்தவற்றை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். பாதிக்கு மேல் இங்கே எழுதக் கூசும் வார்த்தைகள். "இன்னும் நாலு போடு", "கொன்று போடு" என்று உற்சாகப்படுத்துகிறவர்கள் வேறு.

எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தேன். எல்லாச் சமுதாயத்துப் பெயர்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவே நம் பெயர்களும் இருந்தன! நபிமார்களின் பெயர்கள், ஸஹாபாக்களின் பெயர்கள். ஒரு தம்பி தன் முகப்பில் கஅபாவின் படத்தை வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்திலேயே அந்தக் கெட்ட வார்த்தையை எழுதியிருந்தான்.

அந்தத் தேநீர் எனக்கு இறங்கவில்லை.

ஹலால் ஹராமை மாற்ற வரவில்லை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதியதற்காக "ஹஜ்ரத் மாறிவிட்டார்" என்று நாளைக்கே சிலர் கிளம்புவார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் உடலுறவு கொள்வது மார்க்கத்தில் ஹராம். அதில் எனக்கு நேற்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 377-ஆவது பிரிவிலிருந்து அதை விலக்கியபோதும் என் மார்க்கச் சட்டம் மாறவில்லை.

ஆனால் சகோதரர்களே! ஒரு காரியம் ஹராம் என்பதால், அதைச் செய்தவனையோ, செய்ததாக நீங்கள் நினைக்கிறவனையோ, பிறப்பிலேயே வேறு விதமாக அமைந்துவிட்டவரையோ கேவலப்படுத்தவும் அடிக்கவும் உங்களுக்கு உரிமை கொடுத்தது யார்? வட்டி ஹராம்தானே? வட்டி வாங்கும் கடைக்காரரை நடுத்தெருவில் முடியைப் பிடித்து இழுத்தீர்களா? அவருடைய வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டீர்களே! எதிர்த்துப் பேச வலு இல்லாதவன் கிடைத்தால் மட்டும் நம்முடைய ஈமான் பொங்கி வருகிறதே, இது என்ன வீரம்?

நமக்கு நடந்தது மறந்து போனதா?

2020 மார்ச் இறுதியை நினைத்துப் பாருங்கள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குப் போய் வந்தவர்களை வைத்து "கொரோனா ஜிஹாத்" என்று ஒரு சொல்லை உருவாக்கினார்கள். செல்போனுக்குச் செல்போன் அந்த விஷம் பாய்ந்தது. எங்கோ எப்போதோ எடுத்த படங்களையெல்லாம் நம் தலையில் கட்டினார்கள். தள்ளுவண்டியில் காய்கறி விற்றவனைப் பெயர் கேட்டுத் துரத்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் எத்தனை பேரின் வியாபாரம் படுத்துவிட்டது என்பது வியாபாரிகளான உங்களுக்குத்தான் தெரியும்.

2021 ஜூலையில் "சுல்லி டீல்ஸ்", 2022 ஜனவரி முதல் நாளில் "புல்லி பாய்". நம் சகோதரிகளின் படங்களைத் திருடி, அவர்களை ஏலம் விடுவதாக விளம்பரம் செய்தார்கள். புல்லி பாயில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் படங்கள்! அன்று நாம் கொதித்தோம். "ஒரு மனிதரின் மானத்தை விளையாட்டாக்க இவர்கள் யார்?" என்று மேடை மேடையாகக் கேட்டோம். நானும் கேட்டேன்.

இன்று ஒரு திருநங்கையின் படத்தைப் போட்டு விலை கேட்கிறவனுக்கும், அன்று நம் சகோதரியின் படத்தைப் போட்டு ஏலம் விட்டவனுக்கும் என்ன வித்தியாசம்? ஆயுதம் ஒன்றுதான். நம்மீது எய்யப்பட்ட அம்பைப் பிடுங்கி, இரத்தம் காய்வதற்குள் இன்னொரு எளியவர் மீது எய்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அலி என்று பெயருள்ள நம் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா? வருகைப் பதிவேட்டில் பெயர் வாசித்தாலே வகுப்பு சிரிக்கும். தமிழில் அந்தச் சொல்லுக்கு இருந்த வேறொரு பொருளை வைத்து நம் பிள்ளையைக் கேலி செய்தார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளைதான் இன்று வளர்ந்து, அதே சொல்லைச் செல்போனில் இன்னொருவர் மீது வீசுகிறது!

கசையடிக்கு நடுவிலும் வசைக்கு அனுமதி இல்லை

ஹுஜுராத் அத்தியாயத்தை மக்தபில் ஓதும் பிள்ளைகூட அறியும். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிக்கக் கூடாது. பரிகசிக்கப்படுகிறவர் அல்லாஹ்விடத்தில் இவரைவிட மேலானவராக இருக்கக்கூடும். பட்டப்பெயர் சூட்டக் கூடாது. துருவித் துருவி ஆராயக் கூடாது. புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்குச் சமம். இவ்வளவும் அந்த ஒரே அத்தியாயத்தில், அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் சொல்லப்பட்டவை. நீங்கள் சிரித்துக்கொண்டே பத்துப் பேருக்கு அனுப்பும் ஒரே ஒரு படத்தில் இந்தத் தடைகள் அத்தனையும் ஒன்றாக உடைகின்றன.

குடித்துவிட்டு வந்த ஒருவர் நபி (ஸல்) அவர்களின் சமூகத்தில் கொண்டுவரப்பட்ட சம்பவம் புகாரியில் இருக்கிறது. குற்றம் உறுதியாகி, தண்டனையும் கொடுத்தாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் "அல்லாஹ் உன்னைக் கேவலப்படுத்துவானாக" என்ற பொருளில் சபித்தார். பெருமானார் (ஸல்) உடனே தடுத்தார்கள். இவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்று கண்டித்தார்கள். நன்றாகக் கவனியுங்கள்! குற்றம் நிரூபணமானவருக்கு, தண்டனை பெற்றவருக்கு இந்தப் பாதுகாப்பு. நிரூபணமும் இல்லாமல், விசாரணையும் இல்லாமல், நடையைப் பார்த்தும் குரலைக் கேட்டும் தீர்ப்பு எழுதும் நீங்கள் எந்த மார்க்கத்தின் காழி?

"பெண்களைப் போல நடக்கும் ஆண்களை நபியவர்கள் சபித்தார்களே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வரட்டும். அந்த ஹதீஸும் புகாரியில்தான் இருக்கிறது. ஆனால் ஹதீஸை வெட்டி எடுத்து வீசுகிறவர்கள் இமாம்கள் அதற்கு எழுதிய விளக்கத்தைப் படிப்பதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் நூலுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) இப்படிப்பட்டவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். பிறவியிலேயே அந்தக் குரலோடும் அந்த நடையோடும் படைக்கப்பட்டவர் ஒரு வகை. அவர் மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை. வேண்டுமென்றே வேஷம் போடுகிறவர் இன்னொரு வகை, சாபம் அவருக்குத்தான். உள்ளத்தில் இருப்பது எது, வேஷம் எது என்று பிரித்தறிய உங்களிடம் என்ன கருவி இருக்கிறது? அறியாத இடத்தில் வாயை மூடிக்கொள்வதுதானே பேணுதல்?

நாங்கள் மதரஸாவில் ஹிதாயா ஓதியவர்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த ஹனஃபி சட்ட நூலின் கடைசிப் பாடமே "குன்ஸா" பற்றியதுதான். ஆணா பெண்ணா என்று உறுதி சொல்ல முடியாத உடலமைப்போடு பிறந்தவருக்கு அந்தப் பெயர். தொழுகை அணியில் அவர் எங்கே நிற்பார், அவருடைய ஜனாஸாவை எப்படிச் செய்வது, சொத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு என்றெல்லாம் நம் இமாம்கள் உட்கார்ந்து எழுதினார்கள். எல்லாத் திருநங்கையரும் குன்ஸா அல்லர், அது எனக்கும் தெரியும். ஆனால் நம் முன்னோரின் மனநிலையைப் பாருங்கள். எந்தப் பெட்டியிலும் அடங்காத ஒரு மனிதர் பள்ளிவாசலுக்கு வந்தபோது, அவருக்கு எந்த வரிசையில் இடம் என்று யோசித்தார்கள். நாமோ எந்தத் தெருவிலும் இடம் இல்லை என்கிறோம்.

லூத் நபியின் வாசலில் நின்றது யார்?

அடுத்த கேள்வி லூத் (அலை) அவர்களின் சமுதாயம். அந்த மக்கள் அழிக்கப்பட்டார்கள், உண்மை. அவர்களுடைய முதல் குற்றம் என்ன என்பதும் குர்ஆனில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அன்கபூத் அத்தியாயத்தையும் திறந்து பாருங்கள். அவர்கள் வழிமறித்தார்கள், சபை கூட்டி அக்கிரமம் செய்தார்கள் என்பதும் குற்றப் பட்டியலில் இருக்கிறது. விருந்தாளிகள் வந்த வீட்டைக் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு, அவர்களை வெளியே அனுப்பு என்று மிரட்டினார்கள். உள்ளே இருந்த நபியோ தஞ்சம் வந்தவர்களைக் காப்பாற்ற வழி தெரியாமல் தவித்தார்கள். ரயில் நிலைய வாசலில் ஒற்றை ஆளைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போடும் வாலிபர்களே! அந்தக் கதையில் நீங்கள் வாசலுக்கு உள்ளே இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா?

துப்பறியும் கூட்டம் வேறு கிளம்பியிருக்கிறது. பழக்கம் ஏற்படுத்தும் செயலிகளில் பொய்ப் பெயரில் நுழைந்து, ஆளை வரவழைத்து, அடித்து, படம் எடுத்து, "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று பணம் பறிக்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே இப்படி வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி நம் நூல்களில் உண்டு. இரவில் ஒரு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுச் சுவர் ஏறிக் குதித்தார்கள். உள்ளே ஒருவர் மதுவோடு இருந்தார். அவர் சொன்னாராம்: நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று. வேவு பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்கவில்லை. உமர் (ரலி) பேசாமல் திரும்பிவிட்டார்கள். பாரசீகத்தையே வென்ற கலீஃபா ஒரு வீட்டுச் சுவருக்குக் கட்டுப்பட்டார். உங்கள் செல்போனுக்கு எந்தச் சுவரும் இல்லையா?

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன்

உங்களைக் கண்டிக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி இல்லை, அனுபவம் இருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன், மதரஸாவை முடித்து வந்த புதிதில், டெல்டா மாவட்டத்து ஊர் ஒன்றில் லூத் நபியின் சமுதாயத்தைப் பற்றிப் பயான் செய்தேன். கூட்டம் தூங்கி வழிந்தது. எழுப்ப வேண்டும் என்று மேடையிலேயே இடுப்பை வளைத்து நடந்து காட்டினேன். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த ஊரிலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினார். "ஹஜ்ரத், அன்னைக்கு நீங்க நடந்து காட்டுனீங்கள்ல, அதுலேர்ந்து எம்புள்ளைய தெருவுல எல்லாப் பயலுவளும் அப்படி நடந்து காட்டுறானுவ. அஞ்சு வேளையும் பள்ளிக்கு வந்துக்கிட்டிருந்த புள்ள. இப்ப வாசலத் தாண்ட மாட்டேங்குது. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

போகிறேன் என்றேன். போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் நாளைத் தள்ளினேன். அடுத்த ரமளானில் விசாரித்தபோது பையன் ஊரில் இல்லை. பம்பாய் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சகோதரர்களே, அல்லாஹ்வின் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஓர் அடியானை அங்கிருந்து விரட்டியவன் நான். மறுமையில் அந்தத் தாய் என் சட்டையைப் பிடித்தால் என்ன பதில் சொல்வேன் என்று இன்று வரை தெரியவில்லை.

அன்று நான் மேடையில் செய்ததை இன்று ஒவ்வொருவரும் உள்ளங்கையில் செய்கிறீர்கள். 2023 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜைனில் 16 வயது மாணவன் ஒருவன், அலங்காரக் கலையில் ஆசை உள்ளவன், தீபாவளிக்குச் சேலை உடுத்திய படத்தை வெளியிட்டான். ஆயிரக்கணக்கில் வசவுகள் வந்து விழுந்தன. சில நாட்களில் அவன் உயிரோடு இல்லை. தற்கொலை பெரும் பாவம் என்று பயான் செய்ய நம்மிடம் ஆள் இருக்கிறது. அந்தப் பாவத்தின் விளிம்பு வரை ஒரு குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனவர்களின் பாவத்தைப் பேச ஆள் இருக்கிறதா?

மாற்றுக் கருத்து வேறு, துப்பாக்கி வேறு

2025 பிப்ரவரி 15-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் முஹ்ஸின் ஹென்ட்ரிக்ஸ் என்பவர் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தான் ஒருபால் ஈர்ப்புக் கொண்டவன் என்று வெளிப்படையாக அறிவித்து, இமாமாகவும் இருந்தவர். அவருடைய வாதங்களை நான் ஏற்கவில்லை. அந்நாட்டு உலமாக்களின் சபையான முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சிலும் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சபை என்ன செய்தது தெரியுமா? அவருடைய நிலைப்பாடு மார்க்கத்துக்கு முரணானது என்று சொல்லிவிட்டு, அதே அறிக்கையில் அந்தக் கொலையை ஒளிவு மறைவின்றிக் கண்டித்தது. கண்ணியமான ஆலிம்களின் வழி இதுதான். கருத்துக்குக் கருத்தால் பதில். தோட்டாவுக்குக் கைதட்டு கிடையாது.

வியாபாரிகளிடம் நேராகப் பேசுகிறேன்

உங்கள் கடைக்குக் கைதட்டிக்கொண்டு வருகிறார்கள். கல்லாவிலிருந்து பத்து ரூபாயைத் தூக்கி எறிந்து, போகும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு வசவையும் எறிகிறீர்கள். "மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, ஹஜ்ரத்?" என்பீர்கள். பறிப்பவர் மீது புகார் கொடுங்கள், சட்டம் இருக்கிறது. ஒருவர் செய்ததற்கு எல்லோரையும் அடிக்கலாம் என்றால், நம்மில் ஒருவன் எங்கோ செய்த குற்றத்துக்கு நம் தெருவையே எரிக்க வந்தவனை எந்த வாயால் கண்டிப்பீர்கள்?

அவர்கள் ஏன் கையேந்துகிறார்கள் என்று கேட்டீர்களா? 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். பின்னாளில் சென்னை மாகாணத்துக்கும் வந்து நம் மக்களில் பலரைக் கைரேகை வைக்க வைத்த அதே சட்டம்தான். முதலில் வடமாகாணங்களில் அது வந்தபோது அதன் இரண்டாம் பகுதியை இவர்களுக்காகவே எழுதினான். பெயரைப் பதிவேட்டில் ஏற்று. பெண் உடையில் தெருவில் நின்றால் வாரண்ட் இல்லாமல் பிடி. உயில் எழுதக் கூடாது, பிள்ளையைத் தத்தெடுக்கக் கூடாது. சட்டம் போய்விட்டது. அது வைத்துவிட்டுப் போன அருவருப்பு மட்டும் நம் மனதில் தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2008-ல் அவர்களுக்கு நல வாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. 2019-ல் வந்த சட்டம் அவர்களை அடித்தாலும் இழிவுபடுத்தினாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று எழுதியது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

சென்னையில் வீடு தேடி அலைந்திருக்கிறீர்களா? பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்" என்ற பதிலைக் கேட்டிருக்கிறீர்களா? அந்த வலி நமக்குத் தெரியும். அதே பதிலைத்தான் நம் சகோதரர்களின் மாடி வீடுகளில் திருநங்கையர் கேட்கிறார்கள். யாராவது மறுக்க முடியுமா?

2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. இந்த விஷயம் தனக்கு முழுமையாகப் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகரிடம் போய்க் கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பணிவு நம் இமாம்களின் சொத்தாக இருந்தது, சகோதரர்களே!

ஆகவே இவ்வளவு செய்யுங்கள். அந்தப் படம் உங்கள் கைக்கு வந்தால் அங்கேயே அழியுங்கள். அனுப்பியவரிடம் "இது ஹராம்" என்று ஒரு வரி சொல்லுங்கள். கடையில் பில் போடவோ, துணி மடிக்கவோ, பார்சல் கட்டவோ ஆள் தேவைப்பட்டால், வேலை கேட்டு வரும் திருநங்கையைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இந்த நிலையில் மரணித்தவருக்குக் குளிப்பாட்டலும் கஃபனும் கப்ரும் மறுக்காதீர்கள். பெற்றோர்களே, மகனின் மனம் வேறு விதமாக இருப்பது தெரிந்தும் "நிக்காஹ் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று அதை மறைத்து, ஒரு அப்பாவிப் பெண்ணின் வாழ்க்கையைப் பலியிடாதீர்கள். பிள்ளையை அடிக்காதீர்கள், வீட்டை விட்டு விரட்டாதீர்கள். பாவம் என்று நீங்கள் நம்புவதை அன்போடு எடுத்துச் சொல்லும் வாய்ப்பும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் வரைதான்.

அந்த ஜவுளிக் கடைச் சகோதரரிடம் அன்று இதையெல்லாம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. போனை வாங்கி அந்தப் படத்தை அழித்தார். பிறகு, "நேத்தே நாப்பது பேருக்கு அனுப்பிட்டேனே ஹஜ்ரத்" என்றார்.

நாற்பது பேருக்கும் திரும்ப எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எழுதினாரா என்று அல்லாஹ் அறிவான். நீங்கள் எத்தனை பேருக்கு எழுத வேண்டும்? எண்ணிப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.